ஒரு வாரத் தோழி

எங்கள் எம்.பி.ஏ. கல்லூரியில் எல்லோரையும் அரவணைப்பதற்கென்றே ஒரு மாணவர் மன்றம் இருந்தது. தனித்திருப்பவர்களுக்கு மன்றமே ஒரு துணையை அனுப்பும். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, விடுதியில் யாரோடும் சேராமல் கிடந்த எனக்கு நிவேதாவை அனுப்பினார்கள்.

மூன்று வேளையும் என்னோடுதான் சாப்பிட்டாள். என் தம்பி பெயர் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பலாப்பழம் என்றால் உயிர் என்றாள். அன்றே அம்மாவுக்குப் போன் செய்து, "எனக்கும் ஒரு ஃப்ரெண்டு கெடச்சிட்டாம்மா" என்றேன்.

அம்மா வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு முழுப் பழத்தை ஏற்றிவிட்டாள். அதைத் தோளில் சுமந்துகொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். நிவேதா வேறு மேசையில், வேறொரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாடி, அறுக்கலாம்" என்றேன்.

"சாரிடி, இந்த வாரம் எனக்கு ரோஸி. ஆளுக்கு ஒரு வாரம்தான். மன்றத்துல உனக்குச் சொல்லலையா?"

குரலில் கள்ளமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அறையில் தனியாக உட்கார்ந்து அறுத்தேன். கையெல்லாம் பலாப்பால் ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"அந்தப் பொண்ணு துன்னுச்சா?"

"துன்னுச்சிம்மா. இன்னும் கேக்குது."

"அப்பன்னா இன்னொண்ணு போட்டு உடறேன். அத நல்லாப் பாத்துக்க. வூட்ட வுட்டு வந்த பொண்ணு, நீயும் இல்லன்னா தனியா கெடக்கும்."

சரி என்றேன்.

இன்றைக்கும் யாராவது சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எத்தனை நாளைக்கு என்று கேட்கத்தான் வாய் வருகிறது.