ராஜசேகர் போட்ட வரிசை

ராஜசேகருக்கு நாற்பத்தாறு வயது. வட்டவடையிலிருந்து மூணாறுக்கு ஜீப் ஓட்டுகிறார். பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ரேஷன் கார்டு, நிலவரி, ஆஸ்பத்திரி, எதுவானாலும் ஊரில் அவரைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய அக்கா முருகேஸ்வரி கேரட் கழுவும் வேலைக்குப் போகிறாள். அவள் மகள் செல்வப்பிரியா பிளஸ் டூவில் சயின்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கினாள். ஜனவரியில் புல்லில் உறைபனி விழும்போது மரத்தடியில் மட்டும் ஏன் விழுவதில்லை என்று தெர்மாமீட்டரோடு திரிந்தவள். எர்ணாகுளத்தில் ஒரு காலேஜில் இயற்பியல் படிக்க வேண்டும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

டிகிரிக்கு எல்லாக் காலேஜுக்கும் சேர்த்து விண்ணப்பம் ஒன்றுதான். காலேஜ்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். பிரியா முதலில் எர்ணாகுளத்தை எழுதினாள். அடுத்து இயற்பியல் உள்ள வேறு நான்கு. ஒன்றும் அமையாவிட்டால் இருக்கட்டும் என்று கடைசியில் பக்கத்துக் காலேஜில் பி.காம். அது எப்படியும் கிடைத்துவிடும்.

ராஜசேகர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்ன புள்ள, கிடைக்கிறதக் கொண்டுபோயி அடியில வச்சிருக்க?"

"ஆசப்பட்டதத்தான் மாமா மேல போடணும்."

"மூணாறு ஸ்டாண்டுல பாத்ததில்லயா? நிக்கிற ஜீப்புல மொதல்ல துண்டப் போடுவாங்க. பெறகு நல்ல வண்டி வந்தா மாறிக்கிருவாங்க. துண்டு போடாதவன் நடந்துதான் வருவான்."

"இது ஜீப்பு இல்ல மாமா."

"ஆமா, ராக்கெட்டு. ஒம் மக விடப்போறா பாரு, அக்கா."

முருகேஸ்வரி சிரித்தாள். பிறகு, "மாமா சொல்றதக் கேளு. ஒண்ணுமே கிடைக்கலன்னா எங்கூடக் கேரட்டு கழுவத்தான் வரணும்" என்றாள்.

ராஜசேகர் பி.காமை முதலிடத்துக்கு ஏற்றி வரிசையை மாற்றி எழுதினார். அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுத்தரும் அக்ஷயா மையத்தில் பதிந்துகொடுத்தவன் டிஜோ, மலையாளி. "சேட்டா, பி.காம் தன்னே ஒண்ணாமதா? மாத்தணும்னா இப்பப் பறயணும்" என்று இரண்டு முறை கேட்டான்.

"அதேதான். டைப் அடி."

பிரியா பேச வாயெடுத்தாள். அம்மா அவள் கையை அழுத்தினாள். ஓ.டி.பி. பிரியாவின் போனுக்கு வந்தது. அவளே படித்துச் சொன்னாள்.

முதல் அலாட்மென்டில் பி.காம் வந்தது. ராஜசேகர் ஸ்டாண்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். "மொத ரவுண்டு, மொத ஆப்ஷன்! இனி மெதுவா எர்ணாகுளத்துக்கு மாறிக்கலாம்."

பிரியா விதியைப் படித்துக் காட்டினாள். முதல் விருப்பம் கிடைத்தவர்களுக்கு மற்ற விருப்பங்கள் தானாகவே ரத்தாகும். சேராவிட்டால் அதுவும் போகும்.

ராஜசேகர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் பி.காமில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் எர்ணாகுளத்து இயற்பியலில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண் வெளியானது. பிரியாவினுடையது அதைவிடப் பதினொன்று அதிகம். வீட்டில் சொன்னாள். அம்மா உலையில் அரிசியைப் போட்டாள்.

"எர்ணாகுளத்துல ஒரே கொசு" என்றார் ராஜசேகர்.

மறு வருஷம் அதே ஊர்ப் பூமாரி தன் மகளின் மார்க் லிஸ்ட்டோடு அவரைத் தேடி வந்தாள். அந்தப் பெண்ணுக்கு வேதியியல் மேல் ஆசை. பிரியாவும் அங்கே இருந்தாள்.

"அக்கா, அவளுக்குப் புடிச்சத மேல போடுங்க. எனக்கு இவரு போட்ட வரிசையிலதான் எல்லாம் போச்சு."

பூமாரி ராஜசேகரைப் பார்த்தாள்.

"மொத ரவுண்டுலயே சீட்டு வாங்குனவ பேசுற பேச்சா இது?" என்றார் அவர்.

பூமாரி தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.