டீக்கடை பிளக் பாயிண்ட்

கடல் காற்று வாங்குவதற்கென்றே எண்ணூருக்குக் கிளம்பிப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அடையாறிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், அனல்மின் நிலையத் தூசியில் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானதும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன்.

கடைக்கார அக்கா வாட்டசாட்டமானவர். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. கழுவி வைத்த கிளாஸையே டீ ஊற்றும் முன் மறுபடி அந்தத் துண்டால் துடைப்பார். துண்டில் கரித்தூள் அப்பிக்கொள்ளும்.

தெருவில் கரண்ட் இல்லை. அக்கா கடையில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது. என் போனோ சாகக் கிடந்தது. மேஜைமேல் கர்ரென்று கத்திக்கொண்டிருந்த ஏதோ மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் செருகினேன்.

"இன்னா சார், உன் போனுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டபடி அக்கா சார்ஜரை உருவிப் போட்டார்.

மிஷினிலிருந்து ஒரு குழாய் கடைக்கு உள்ளே போவதை அப்போதுதான் பார்த்தேன். பெஞ்சில் அம்மாவின் மடியில் ஒரு சிறுமி, முகத்தில் மாஸ்க், விலா ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். அக்கா பழைய பிளக்கைச் செருக, மிஷின் மறுபடி கத்தியது. மாஸ்க்கில் மருந்துப் புகை நிறைந்தது.

"கரண்ட் போனா இந்தத் தெரு வீசிங் பசங்க எல்லாம் நம்ம கடைக்குத்தான் வரும்" என்றார் அக்கா, அடுத்த கிளாஸைத் துடைத்துக்கொண்டே.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "இந்தத் தூசியில ஏன்க்கா பசங்கள வச்சிக்கிட்டு இருக்கீங்க? வேற ஏரியாவுக்குப் போயிடலாமே?" என்று யோசனை சொன்னேன்.

அக்கா டீயை என் முன்னால் வைத்தார்.

"உன் தெருவுல எங்களுக்கு வூடு வாடகைக்கு வுடுவாங்களா?"