இரண்டு முறை காட்டிய கால்

மருத்துவர் "காலைக் காட்டுங்கம்மா" என்றதும் நான் குனிந்து என் புடவைக் கரையைப் பிடித்துவிட்டேன். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கியும்விட்டேன். "அம்மா, உனக்கில்ல, எனக்கு" என்று என் மகள் சிரித்தாள். மருத்துவரும் சிரித்தார். நான் புடவையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். இடது காலின் பின்சதையில் பச்சையாக, மண்புழு கனத்தில், ஒரு நரம்பு வளைந்து வளைந்து ஏறியிருந்தது. அந்த வளைவு எனக்குப் புதிதல்ல. அதே இடத்தில், அதே போல வளைந்த இன்னொரு காலைப் பதினாறு வருடங்களுக்கு முன் பார்த்திருக்கிறேன். அந்தக் காலுக்காகத்தான் அன்று என் காலை ஒரு டாக்டரிடம் காட்டினேன்.

அப்போது நான் மூக்கண்டப்பள்ளியில், கார்களுக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைச் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். பலகை மேல் ஒயர்களை விரித்து, முனைகளில் பின் அடித்து, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். எங்கள் வரிசைக்கு லைன் லீடராக ஓர் அக்கா இருந்தார். நாகரசம்பட்டிக்காரர். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருந்தது. அக்காவின் வாய்க்கு சூப்பர்வைசரே பயப்படுவார். நான் சேர்ந்த முதல் நாளே, "பட்டம் வாங்கிட்டு வந்து டேப் சுத்துறா பாரு, டேப்புக்கே பெருமை" என்று வரிசை முழுக்கச் சிரிக்க வைத்தவர். அன்று மதியமே தன் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தியவரும் அவர்தான். ஏழு வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். அந்த வருடம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

உடை மாற்றும் அறையில்தான் அவர் காலைப் பார்த்தேன். தோல் நிறத்தில் இருந்த இறுக்கமான காலுறையை உரித்தார். உள்ளே நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, நடுவில் ஒரு சிறு புண் காய்ந்திருந்தது. பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை ஓசூருக்கு வரும் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார். ரத்தத்தை மேலே ஏற்றுகிற நரம்பில் வால்வு கெட்டுவிட்டது, ஏறிய ரத்தம் திரும்பக் கீழே விழுகிறது என்று டாக்டர் சொன்னாராம். கத்தி வைக்க வேண்டாம், லேசர் செய்தால் போதும், சாயந்திரமே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்றாராம். அக்கா எனக்கு அதை எங்கள் பாஷையில் சொன்னார். "ஊசி குத்தி நரம்புக்குள்ள ஒரு ஒயர் உடுவாங்களாம் புள்ள. சூடு வெச்சு மூடிடுவாங்களாம். ஒரு தையல்கூட இல்லையாம். நம்ம வேலைதான் பாத்துக்க, நம்மளவிட நல்லா சம்பளம்." பிறகு காலுறையை மேலே இழுத்துக்கொண்டே, "நிரந்தரம் ஆகட்டும், அப்பறம் காலைப் பாத்துக்கலாம்" என்றார்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்கும்; அதைப் பார்த்துத்தான் நிரந்தரம் ஆக்குவார்கள். வெளியிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். கேண்டீனைத் திரை போட்டு மறைத்து, ஆள் எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். காலில் கோளாறு என்று எழுதிவிட்டால் நிற்கிற வேலைக்கு லாயக்கில்லை, அத்தோடு சரி. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கண் சரியில்லாதவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறவள் போவாள். ரத்தம் குறைந்தவளுக்கு ரத்தம் உள்ளவள் போவாள். எல்லோரும் ஒரே கோட்டு, தலையில் ஒரே தொப்பி, வாயில் ஒரே மாஸ்க். யார் யாரென்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதை நாங்கள் யாரும் ஏமாற்று என்று நினைக்கவில்லை. குடை இரவல் கொடுப்பது மாதிரிதான் நினைத்தோம். அக்கா என்னிடம் கெஞ்சவில்லை. தன் ஆள் எண் அட்டையை என் கோட்டுப் பையில் போட்டு, "உன் கால் வாழைத்தண்டு மாதிரி இருக்கு. ஒரு தரம் எனக்குக் குடு" என்றார்.

காலையில் என் எண்ணுக்கு ஒருமுறை போனேன். மதியம் வேறு டாக்டர் உட்கார்ந்ததும் அக்கா எண்ணுக்கு இன்னொருமுறை போனேன். வயதான கன்னடக்காரர். "கால் தோர்சம்மா" என்று காலைக் காட்டச் சொன்னார். பேண்ட்டைத் தூக்கினேன். இரண்டு விரலால் பின்சதையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கால்" என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்து அக்காவிடம் சொன்னபோது அவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விளையாட்டுக்குத்தான். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்கா நிரந்தரம் ஆனார். மூன்று மாதம் கழித்து, லேசர் செய்துகொள்ளக் கம்பெனி காப்பீட்டில் கடிதம் கேட்டு ஆபீசுக்குப் போனார். அங்கிருந்தவர் கோப்பைப் புரட்டி, "கால் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கே, மூணு மாசத்துல எப்படி இவ்வளவு ஆச்சு? அந்த டாக்டரையே கூப்பிட்டு மறுபடி பாக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சந்தேகப்பட்டுக் கேட்டாரா, சாதாரணமாகக் கேட்டாரா, தெரியாது. அக்கா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "உண்மையச் சொல்லிடலாமா புள்ள?" என்று என்னிடம் கேட்டார். உன் வேலையும் போகுமே என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "என் வேலையும் போயிடுங்க்கா. எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு." அக்கா விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "சரி உடு. அடுத்த வருசம் செக்கப் வரும். நானே போயிக் காட்டுறேன். புதுசா வந்த மாதிரி ஆயிடும்." நான் கேட்க விரும்பிய பதில் அதுதான். அன்று எனக்குப் பசிகூட நன்றாக எடுத்தது.

அடுத்த பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. சித்திரை வெயில். மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நான் காவேரிப்பட்டணத்தில் ஏறுவேன், அக்கா எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். புழுக்கத்துக்குக் காலுறையைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். கிருஷ்ணகிரி தாண்டியதும் நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். சூளகிரி வரும்போது பின் சீட்டுப் பெண் கத்தினாள். அவள் செருப்பெல்லாம் ரத்தம். சீட்டின் இரும்பில் உரசியோ என்னவோ, அக்காவின் புண் பொருக்கு பெயர்ந்து, தொங்கிக்கொண்டிருந்த காலிலிருந்து ரத்தம் பஸ் தரையில் ஓடியிருந்தது. எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. முகம் வெளுத்துப்போயிருந்தது. "வலிக்கவே இல்லையே புள்ள" என்றார், ஆச்சரியமாக.

பாம்பு கடித்தால் கட்டுவார்களே, அப்படி முழங்காலுக்குக் கீழே துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினோம். கட்டியது நான். கட்டிய பிறகு அதிகமாக வந்தது. இன்னும் இறுக்கினேன். இரண்டு பேர் அவரைச் சீட்டிலேயே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். சாய விடாதே, சாய விடாதே என்று எல்லோரும் கத்தினார்கள். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. சாயங்காலம் உயிர் போய்விட்டது.

காரியத்தன்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். அழுது முடித்த குரலில் மெதுவாகக் கேட்டார். "கம்பெனி டாக்டரு காலு நல்லா இருக்குதுன்னு எழுதினாருன்னு சொன்னாளேம்மா. அதனாலதான் நான் வற்புறுத்தல. பின்ன எப்படிம்மா?" எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. அந்தக் கன்னடக்கார டாக்டரை அவர் பதினாறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் எனக்கு ஒரு பெட்டி பழம் அனுப்புகிறார், கடைசிவரை அவள் கூட இருந்த புள்ள என்று.

என் மகளும் நின்று வேலை செய்பவள்தான். செல்போன் பாகங்கள் செய்கிற இடத்தில் பத்து மாதமாக இருக்கிறாள். அவள் காலை நான் பார்த்துவிட்ட அன்று அவள் சொன்னது இதுதான்: "வேலை உறுதி ஆகட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம். செக்கப்பு பத்தி பயப்படாத. எங்க லைன்ல ஒரு அக்கா எனக்குப் பதிலா போறேன்னு சொல்லியிருக்காங்க." நான் அவளை அறைந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவளை அடித்ததில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வேலை போனா நீ வாங்கித் தருவியா?" என்று கேட்டாள். மறுநாள் விடுப்பு எடுக்க வைத்து இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் என்னோடு பேசாமலே வந்தவள், நான் புடவையைத் தூக்கியதைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

சிகிச்சை முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போகும் முன் நர்ஸ் அவள் பெயரைக் கேட்டு, கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்த்து, எந்தக் கால் என்று கேட்டு மையால் குறி போட்டாள். இன்னொருமுறை பாரும்மா என்றேன். நர்ஸ் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு முழங்காலுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி, நரம்புக்குள் ஒரு மெல்லிய ஒயர், கொஞ்சம் சூடு. அக்கா சொன்னபடியேதான். வெளியே வந்த மருத்துவரிடம், இந்த நரம்பு எப்போதாவது உடைந்து ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "படுக்க வெச்சு, காலை நல்லா மேல தூக்கி, அந்த இடத்துல துணி வெச்சு அழுத்திப் பிடிக்கணும்மா. பெரும்பாலும் நின்னுடும். மேல கட்டுப் போட்டுடாதீங்க, உக்கார வெக்காதீங்க" என்றார். தலையாட்டினேன். அவர் நகர்ந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேனாம். மகள்தான் பிறகு சொன்னாள். அக்காவைப் பற்றி அவளிடம் அன்றே சொன்னேன். தோளில் தூங்கியது வரை சொல்ல முடிந்தது. துப்பட்டா கட்டியது யார் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம். சிகிச்சை முடிந்ததும் போட்டுவிட்ட காலுறையை மகள் உரித்துக் காலை நீட்டினாள். மருத்துவர் ஸ்கேன் கருவியை ஓட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் பின்சதையைத் தடவினார். "மூடிருச்சும்மா. நல்ல கால்" என்று சொல்லி கம்ப்யூட்டரில் தட்டினார். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் எழுந்துபோய், அவர் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளின் பெயர்தான். இரண்டு முறை படித்தேன். அப்போதும் என் இடது கை புடவைக் கரையை இறுக்கிப் பிடித்திருந்தது.