கன்டெய்னர் ரப்பர் அடித்த ஜன்னல்

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இன்று திருவொற்றியூரில் மூன்று மாடி வீடும், ரோட்டில் ஓடும் டிரெய்லர் வண்டிகளும் இருக்கின்றன என்றால், எல்லாம் இந்தத் தோள் சம்பாதித்தது. எவன் தயவும் கிடையாது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அப்பேர்ப்பட்ட என்னை ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று சோர்ந்து உட்கார வைத்துவிட்டது.

தொட்டி என் மனைவிக்காக வாங்கியது. அவளுக்கு வீசிங். எங்கள் பக்கம் காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி மத்தியானம் சாம்பல் நிறமாகிவிடும். தூசி பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். நான் ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடுகிறவன் அல்ல. இரண்டாம் மாடி அறைக்கு ஏசி போட்டேன். ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டுவதெல்லாம் மற்றவர்கள் செய்கிற வேலை. கன்டெய்னர் கதவைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் இருக்குமே, புயலிலும் ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விடாதே, அதை வெட்டி வந்து ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் என் கையாலேயே அடித்தேன். தூசி நின்றது. அவள் இழுப்பும் பாதிக்குப் பாதி குறைந்தது. தெருவில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் அடித்துக் கொடுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு அவள் அந்த அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. கட்டிலுக்கு எதிரே பார்க்க ஏதாவது வேண்டுமே என்று கொளத்தூர் வண்ணமீன் கடை ஒன்றில் இருந்து உப்புத்தண்ணீர்த் தொட்டி வாங்கி வந்தேன். இரண்டு ஆரஞ்சு மீன்கள், பாறையில் ஒட்டி உயிரோடு வளரும் மென்பவளம் ஒரு கொத்து. மீன்களை அவள் சட்டை செய்யவில்லை. பவளம்தான் அவளுக்கு உயிர். அதற்குச் சின்னச் சின்னக் கைகள். விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி, நாள் முழுக்க ஆடும். "த பாருய்யா, வா வான்னு கூப்ட்டுகினே கீது" என்று சிரிப்பாள்.

ஒரு நாள் அந்தக் கைகள் நின்றுபோயின.

கடைக்காரர் பேனா மாதிரி ஒரு மீட்டர் கொடுத்திருந்தார். தண்ணீரில் முக்கினால் பி.எச். எத்தனை என்று காட்டும். எட்டுக்கு மேல் இருக்க வேண்டியது ஏழு புள்ளி ஆறு காட்டியது. தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறது, பவுடர் போடுங்கள் என்றார். போட்டேன். கொஞ்சம் ஏறும், மறுநாள் காலை பார்த்தால் பழையபடி இறங்கிக் கிடக்கும். தண்ணீர் மாற்றிப் பார்த்தேன். உப்பு கலந்த தண்ணீர் வாளிகளை இரண்டு மாடி ஏற்றி, பழைய தண்ணீரைக் கீழே இறக்கி, ஒரு காலத்தில் கப்பலையே காலி செய்த முட்டி கெஞ்சியது. பவுடர்தான் தொட்டியின் மோட்டாரில் சுண்ணாம்பு மாதிரி படிந்தது. பவளம் சுருங்கிக்கொண்டே போனது. ஒரு பக்கம் கரைந்தும் விட்டது.

"இது செத்தா இன்னொன்னு வாங்கியாராத. தொட்டியவும் தூக்கிடு. செத்தத பாத்துகினு படுக்க என்னால ஆவாது" என்றாள். பிறகு என்ன இருக்கிறது அந்த அறையில்? சுவர்தான்.

அப்போதுதான் என் பழைய தோஸ்து ஒருவன் அவளைப் பார்க்க வந்தான். கப்பல் டேங்குகளுக்குள் இறங்கித் துரு சுரண்டிய ஆள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கொட்டாவி விட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"இன்னா நைனா, ரூமா இது? டேங்க் கணக்கா கீது."

"ஏசிடா. ஜில்லுன்னு இல்ல?"

"ஜில்லுன்னுதான் கீது, காத்து எங்க கீது? உள்ள இருக்கறதையே திருப்பித் திருப்பி குடுக்குது. காத்தடிக்கற ப்ளோயர் வுடாம டேங்க்ல எறங்குனா மேஸ்திரி செருப்பால அடிப்பான். நீ பொண்டாட்டிய எறக்கி வுட்டு மூடியும் போட்டுகீற."

எனக்குச் சுருக்கென்றது. மீன் தொட்டியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

"சோடா எப்பிடி புளிக்குது? உள்ள அடைச்ச கேஸு. நீங்க ரெண்டு பேரும் வுடற மூச்சும் அதே கேஸுதான். வெளிய போவ வழியில்லாட்டி தண்ணி புளிக்காம இன்னா பண்ணும்? ஒரு டம்ளர் எடுத்தும்போயி மாடில டீ ஆத்தறாப்ல ஆத்து, பாரு."

அவன் சொன்னது தப்பு என்று காட்டவே அதைச் செய்து பார்த்தேன். முதலில் அறைக்குள் ஆற்றினேன். ஏழு புள்ளி ஆறு, நகரவில்லை. அதே தண்ணீரை மொட்டை மாடியில் இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றிக் கை கடுக்க ஆற்றினேன். எட்டைத் தாண்டியது. பவுடர் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.

அவன் போன பிறகு, எழுந்திருக்கத் தோன்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். திறந்தால் அவளுக்கு இழுக்கும். மூடினால் பவளம் சாகும். உள்ளே போய் அவளிடம் சொன்னேன்.

"டெய்லி காலைல தல பாரமா கீதுன்னு சொன்னேனே. மாத்திரதான குடுத்த?" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "மத்தியானம் கடல் காத்து திரும்பும் இல்ல, அப்ப தொற. தூசு அந்தாண்ட போயிடும்."

"உனுக்கு மூச்சு இஸ்துச்சுன்னா?"

"இஸ்தா நான் சொல்றேன். நீயா மூடாத."

கிழக்கு ஜன்னலில் நான் அடித்த ரப்பரை நானே கத்தியால் அறுத்தேன். அடித்ததை விட அறுப்பது கஷ்டமாக இருந்தது. அவ்வளவு கெட்டியான வேலை. மறுநாள் மத்தியானம் திறந்தபோது அவள் இரண்டு முறை இருமினாள். என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. "குந்துய்யா" என்றாள். குந்தினேன்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு கை அசைந்தது. பிறகு நாலைந்து. கரைந்த பக்கம் கரைந்ததுதான். இப்போது தினமும் மத்தியானம் படியேறித் திறக்கிறேன், பொழுது சாயும்போது ஏறி மூடுகிறேன். சில நாள் காற்று திரும்புவதே இல்லை. அன்றைக்கு ஜன்னலைத் திறப்பதில்லை; மீட்டர் இறங்கும், இரண்டு பேருக்கும் தலை கனக்கும். அவள் கதவருகே நாற்காலி போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து, கூடத்துக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டு, பவளத்தைப் பார்த்தபடி இருக்கிறாள்.