ஒன்றுக்கு இரண்டு மாத்திரை

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் நடப்பார் அந்த மெக்கானிக். தெருவில் அவருக்கு 'அவசரம்' என்றே பேர். பட்டறைக்குக் கார் வந்தால், சொந்தக்காரர் வாயைத் திறக்குமுன் இவர் பானெட்டைத் திறந்துவிடுவார். "நீங்க சும்மா இருங்க, வண்டியே சொல்லும்." தொழிலில் அது பலித்தது. அந்தத் திமிரை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

மனைவி துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே விற்பவள். சில மாதங்களாக ஓடாய்த் தேய்ந்துபோயிருந்தாள். எழுந்து நின்றால் தலை சுற்றியது. விரல் மூட்டுகள் கறுத்தன; வெயிலே படாத கைரேகைகூடக் கறுத்தது. உப்பை அள்ளி அப்படியே நக்கினாள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு எண் கொஞ்சம் எகிறியிருந்தது. டாக்டரிடம் அவள் "சோர்வா இருக்கு" என்று ஆரம்பிப்பதற்குள் அவசரமே மிச்சத்தைச் சொல்லி முடித்துவிட்டார். கறுப்பும் உப்பும் அவர் பேச்சில் வரவேயில்லை. டாக்டர் தைராய்டு மாத்திரை எழுதினார்.

"ஏங்க, இதைப் போட்டதுலேருந்து இன்னும் மோசமா இருக்கு. சாப்பிட்டது வயித்துல நிக்க மாட்டேங்குது."

"டோஸ் பத்தல, அவ்வளவுதான். வண்டி இழுக்கலன்னா ஆக்சிலரேட்டரை மிதிக்கணும்."

யாரையும் கேளாமல் ஒன்றை இரண்டாக்கினார். மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் அவளும் விழுங்கினாள்.

அந்த வாரமே ஒரு காலையில் குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தாள். கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி எட்டிப் பார்த்தார், நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவசரப் பிரிவு டாக்டரம்மா வெளியே வந்தார். கறுத்த கையையும் அடிமட்டத்துக்கு இறங்கிய பிரஷரையும் பார்த்ததுமே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டாராம்.

"பிழைச்சுக்குவாங்க. சிறுநீரகத்துக்கு மேல அட்ரினல்னு ஒரு சுரப்பி. அதுல உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் சரியா சுரக்கல. அதனாலயே தைராய்டு எண் ஏறித் தெரியலாம். கார்ட்டிசால் கொடுத்தா பல பேருக்கு அது தானா இறங்கிடும். அதை விட்டுட்டு முதல்ல தைராய்டு மாத்திரை கொடுத்தா, இருக்கிற கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலையும் உடம்பு சீக்கிரம் செலவழிச்சிடும்."

"நான் அதை ரெண்டா கொடுத்தேன்" என்றார் அவசரம்.

டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த சீட்டில் அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் அவள் தெளிந்தாள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து, "மாத்திரை ஆரம்பிச்ச பிறகு உடம்பு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

பழக்கதோஷம், அவசரம் வாயைத் திறந்துவிட்டார். அவளும் அதே பழக்கத்தில், அவர் சொல்லி முடிக்கட்டும் என்று பேசாமல் காத்திருந்தாள். அவள் அப்படிக் காத்திருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா" என்றார்.

அவள் அவரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"இவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன் டாக்டர்" என்றாள்.