மாத்திரை கரையும் நேரம்

சுனாமிக்குப் பிறகு மீன் கூடையை விட்டுவிட்டு, வைட்டமின் மாத்திரை செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனேன். சோதனை அறையில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவ வேண்டும். பிறகு என் வீட்டுக்காரரின் தங்கச்சியையும் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். நானும் அஞ்சாம் வகுப்பு, அவளும் அஞ்சாம் வகுப்பு. ஆனால் அவளுக்கு வாய் உண்டு, சோதனை அறையைப் பார்த்துக்கொள்கிற மேடத்திடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நான் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவதோடு சரி. கொஞ்ச நாளிலேயே அவளுக்கு வெள்ளைக் கோட் கொடுத்து, மாத்திரை கரைகிற மெஷினுக்கு முன்னால் நாற்காலியும் போட்டுவிட்டார்கள்.

உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் ஆறு கண்ணாடிக் குழாய்கள் ஏறி இறங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மாத்திரை. கடைசி மாத்திரை கரைந்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கழுவுதொட்டிப் பக்கம் நின்று பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவள் அந்தக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி வேறு போடுவாள்.

துபாயிலிருந்து மகன் வருகிறான் என்று ஒருநாள் அவள் லீவு போட்டாள். மேடம் கோட்டை என்னிடம் நீட்டினார். இன்றைக்கு ஒழுங்காகச் செய்தால் இனி இரண்டு பேருக்கும் முறை வைக்கலாம் என்றார். தோளில் இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் கழற்ற மனசில்லை.

நாலு குழாய் காலியாகி இரண்டு மிச்சம் இருக்கும்போது, பின்னால் மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது. மணி கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடிச் செபம் சொல்வது சின்னதிலிருந்தே பழக்கம். சந்தையில் மீனை வெட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். முடித்துக் கண்ணைத் திறந்தால் ஆறு குழாயும் காலி. வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

எப்போது கரைந்தது என்று மேடம் கேட்டார். தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் வேறு ஆறு மாத்திரை போட்டு, தானே உட்கார்ந்து பார்த்தார்.

மறுநாள் பஸ்சில் விஷயத்தைக் கேட்டு இவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மணி அடிச்சா நீ என்னட்டி செய்வா?"

"நானும் செபிப்பேன் மயினி, கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு. மாதா ஒண்ணும் நெனைக்க மாட்டா. அவளும் பிள்ள வளத்தவதான? அடுப்புல பால் கெடந்தா கண்ண மூட முடியுமா?"

கோட் போனால் போகட்டும். மாதாவையும் இவள் கைக்குள் போட்டுக்கொண்டாளே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு மணி அடித்தபோது கழுவின கிளாசைக் கீழே வைத்துச் சிலுவை போட்டேன். ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன். நாற்காலியில் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பார்வை குழாயை விட்டு நகரவில்லை.