ஜெசிந்தா நினைவாக

நான் குடியிருக்கும் இந்த அமெரிக்க ஊரின் பூங்காவில், பெஞ்சுகளில் இறந்தவர்களின் பெயர் பொறித்த சின்னப் பித்தளைத் தகடுகள் உண்டு. அதன்மேல் சாய்ந்தபடி ஜனங்கள் சாண்ட்விச் தின்பார்கள். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அதில் உட்கார மனம் வரவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயில் பெஞ்சுகளிலும் பெயர்கள் இருக்கும்; பெரும்பாலும் பூசைக்கு வந்து அதே பெஞ்சில் உட்காருகிறவர்களின் பெயர்கள்தான். கொடுத்தவர் பெயருக்கு முன்னால் ‘உபயம்’ வரும், போய்ச் சேர்ந்தவர் பெயருக்குப் பின்னால் ‘நினைவாக’ வரும். எங்கள் பக்கத்தில் இதில் யாரும் தடுமாற மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மேற்படிப்புக்காக இங்கே வந்தேன். படிப்பு முடிகிற நேரத்தில் ஒரு நினைவு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து, பட்டம் வாங்கிய கையோடு கார் விபத்தில் இறந்துபோன கேத்தரின் என்ற பெண்ணின் பெயரில் அவளுடைய அம்மா மார்கரெட் ஏற்படுத்தியது அது. புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் வெளிநாடு போய் ஓராண்டு பொதுச்சேவை செய்ய வேண்டும். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் மழைநீர்த் தொட்டி கட்டுவதாக எழுதிக்கொடுத்தேன். நேர்காணலில் ஒருவர், “அது உங்களுக்கு வெளிநாடுதானா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, விதியைப் பார்த்துக் கேட்டார். “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் அன்றெல்லாம் கசந்தது.

“ஒரு வருசம் அங்கதாம்மா இருப்பேன்” என்று போனில் சொன்னபோது, அந்த ‘ஒரு வருசம்’ மட்டும் அம்மாவின் காதில் விழவில்லை. மகள் திரும்பிவிட்டாள் என்று கோயிலில் நன்றிப் பூசைக்கே சொல்லிவிட்டாள். நானும் திருத்தவில்லை. தினமும் காலையில் அவள் கட்டிக்கொடுத்த சோற்றுடன் பஸ் ஏறுவேன். மானாவாரிக் காடுகளைத் தாண்டிப் போய் இறங்கினால், பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரும் பள்ளிக்கூடம். ஆழ்துளைக் குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. கூரைக்குக் குழாய் வைத்து, தொட்டி கட்டி, ஐப்பசி மழையில் அது நிரம்பியதைப் பார்த்தபோது நான் அழுதேன். அதற்குள் அமெரிக்காவில் எனக்கு ஒரு வேலையும் உறுதியாகியிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழாவுக்குப் பலகை எழுத வேண்டும். வேண்டாம் என்றாலும் கேளாமல் என் பெயரை உபயத்தில் சேர்த்தே ஆவேன் என்றார் தலைமையாசிரியர். தாளில் ‘கேத்தரின், அமெரிக்கா’ என்றும் கீழே என் பெயரையும் எழுதி, “ஒண்ணு உபயம், ஒண்ணு நினைவு” என்று பெயிண்டரிடம் வாயால் சொல்லிவிட்டார். விழா அன்று அப்பா அம்மாவோடு நான் போய் இறங்கினேன். அம்மாதான் முதலில் பலகையைப் படித்தாள்.

‘உபயம்: கேத்தரின், அமெரிக்கா.’ அதற்குக் கீழே, நடுவில், பெரிய நீல எழுத்தில்: ‘ஜெசிந்தா நினைவாக.’

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பெயிண்டர் பதறி ஓடிவந்தார். “மன்னிச்சுக்கங்கம்மா. வெள்ளக்காரவுக பேரு இருந்துச்சு, அவுகதான் குடுத்தவுகன்னு நெனச்சுப்புட்டேன். இது நம்ம பக்கத்துப் பேரு, அதான் செத்துப்போன புள்ளையாக்கும்னு...”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொடுக்கிறவர்கள் அங்கே இருப்பார்கள், சாகிறவர்கள் இங்கே இருப்பார்கள். அவர் கண்ட உலகம் அப்படி.

டர்பன்டைன் நனைத்த துணியோடு அவர் ஏணியில் கால்வைத்தார். “செத்த இருப்பா” என்று அம்மா தடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“வேல கெடச்ச காயிதம் வந்துச்சுல்ல. அப்பா படிச்சுச் சொல்லிட்டாரு.”

“அம்மா...”

“இங்கனயே இருந்துக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லு ஜெசி. அழிக்கச் சொல்றேன்.”

பிள்ளைகள் வரிசையில் நின்று எங்களையே பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கடைசியில் அப்பாதான், “அழிங்கப்பா” என்றார். என் பெயர் துணியில் நீலமாக வழிந்து வந்ததை அம்மா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று கொடுத்த மிட்டாயை அவள் தின்னவில்லை.

அடுத்த மாதமே இங்கே திரும்பிவிட்டேன். வேலையில் சேர்ந்த பிறகு மார்கரெட் என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். தலைமையாசிரியர் அவருக்கு நேரடியாகவே விழாப் படங்களை அனுப்பியிருந்தார். அதில் ஒன்றை மார்கரெட் சட்டம் போட்டு, மகளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஆளில்லாமல் பலகை பளிச்சென்று தெரிகிற படம். நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே ஸ்டுடியோக்காரர் எடுத்தது.

“தினமும் காலையில் இவளைத் தொட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறேன்” என்று பெரிய நீல எழுத்துகளைக் காட்டினார். “இதுதானே அவள் பெயர்?”

அந்த அம்மாவுக்கு எழுபது வயது. தலையசைத்தேன்.

“உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்? எனக்காக ஒருமுறை வாசியுங்களேன்.”

அவர் விரல் என் பெயரின் மேல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. நான் ‘கேத்தரின்’ என்று வாசித்தேன்.